திரௌபதி மேல் நின்றவள்

"ஏங்க... திரௌபதி மேல நிக்காதீங்க. எறங்குங்க."

கைப்பேசியில் சிக்னல் தேடி, உப்பளத்து மதகின் பலகையில் ஏறி நின்றிருந்த சில்வியா திடுக்கிட்டுக் கீழே பார்த்தாள். அங்கே எந்தப் பெண்ணும் இல்லை. பலகைக்கடியில் கடல்நீர் சலசலத்தது. வரப்பில், முழங்கால்வரை உலர்ந்த சேற்றோடு ஓர் இளைஞன் நின்றிருந்தான். உப்பின் வெண்மை கண்ணைக் கூசவைக்கும் அந்த வெயிலில், அவன் கண்கள் மட்டும் மழைக்கு முந்தைய வானம்போல் கறுத்துக் குளிர்ந்திருந்தன...

"எந்தத் திரௌபதி?"

"நீங்க மிதிச்சிக்கிட்டு இருக்கீங்களே, அந்த மதகுதான். எங்கம்மா பேரு."

அவள் இறங்கினாள். கொஞ்சம் கோபமாக, கொஞ்சம் வெட்கமாக.

அவன் பெயர் கலையரசன். மரக்காணம் உப்பளச் சங்கத்தின் மதகுகளுக்கெல்லாம் அவனே மேற்பார்வை. சில்வியாவோ, அச்சங்கத்தின் பழைய கணினி நிரலைப் புதிய மொழியில் எழுதித்தர ஒப்பந்தமாகி அன்று காலைதான் புதுச்சேரியிலிருந்து வந்து இறங்கியவள். மழையையும் உப்புநீரின் அடர்த்தியையும் கணக்கிட்டு, எந்த மதகை எப்போது திறக்கவேண்டும் என்று ஆணையிடும் நிரல் அது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பொறியாளர் எழுதிவைத்துப் போனது.

அலுவலகத்தில் அந்த நிரலைத் திறந்தபோதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மதகுக்கு ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு கட்டளைத் தொகுதி. ஒவ்வொன்றுக்கும் விளங்காத ஒரு பெயர்... திரௌபா, அமுதா, மாரியா. ஆங்கிலத்தில் ஆறெழுத்துக்கு மேல் பெயர் வைக்க அந்தக் காலத்து மொழி இடம் தராது. ஆகவே திரௌபதி ஆறாம் எழுத்தோடு நின்றுவிட்டாள்.

மாலையில் தேநீர் கொண்டுவந்த கலையரசன் காரணத்தைச் சொன்னான். இந்த உப்பளத்தில் ஒரு மதகை முதன்முதல் திறக்கும் கை யாருடையதோ, அவர் பெயரே அதற்கு. திறந்தவர்கள் எல்லாரும் கூலிக்கு வந்த பெண்கள். பொறியாளர் அந்தப் பெயர்களை அப்படியே நிரலில் ஏற்றிவிட்டார்.

அவளுக்கும் ஒரு கதை தெரிந்திருந்தது. ஆர்வத்தோடு சொன்னாள்.

"லிஸ்ப்னு ஒரு பழைய மொழி இருக்குது. பட்டியல்ல முதல் ஆள எடுக்குற ஃபங்ஷனுக்குப் பேரு கார். மிச்சத்த எடுக்குறதுக்குக் குடர்."

"குடலா?"

"குடர்." அவள் சிரித்தாள். "ரெண்டுமே ஒரு பழைய மெஷினோட பாகத்துலேருந்து வந்த பேருங்க. அந்த மெஷின் பழைய இரும்புக்குப் போயி எவ்ளோ வருஷம் ஆச்சு... பேரு மட்டும் இன்னும் இருக்குது."

"அப்ப எங்க பேருங்கள மட்டும் ஏங்க எடுக்குறீங்க?"

அவள் சிரிப்பு நின்றது. பெயர்களை நீக்கி ஒன்று, இரண்டு என்று எண்களை இடுமாறு செயலாளர் அசோகன் சொல்லியிருந்தார். அவளும் அன்று மதியமே மாற்றிவிட்டிருந்தாள். மாரியாவை மாற்றக்கூட இல்லை... அழித்தே விட்டாள். பதினோரு ஆண்டுகளாக ஒருமுறைகூட ஓடாத ஃபங்ஷன் எதற்கு?

அவள் அதைச் சொன்னதும் அவன் முகம் மாறியது. மாரியம்மாள் மதகு தெற்கு மூலையில் கழுவெளிச் சதுப்பேரியைப் பார்த்து இருப்பது. கால்வாய் நிரம்பியிருக்கும் வேளையில் கோடைமழை பெய்தால் மற்ற மதகுகளால் பயனில்லை, அதுவொன்றுதான் நீரை வாங்கிக்கொள்ளும் என்றான்.

"என் வேலைய எனக்குச் சொல்லித்தர வேணாம்," என்றாள் சில்வியா. சொன்ன மறுகணமே, ஏன் சொன்னோம் என்றிருந்தது. ஆனால் ரோஷம் நாக்கைக் கட்டிவிட்டது. அவன் தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு போனான்.

ஐந்தாம் நாள் பிற்பகல், மே மாதத்து வானம் கறுத்தது. முதல் துளி பாத்தியில் விழுந்தபோது உப்பு மெல்லச் சிலிர்த்தது. பிறகு கொட்டியது... புதிய நிரல் மீதிப் பதின்மூன்று மதகுகளையும் திறக்க ஆணையிட்டது. கால்வாய் நீர் திரும்ப உள்ளே வந்தது. சன்னல் வழியே சில்வியா பார்த்தாள். மழைத்திரைக்குள் ஒருவன் தெற்கே ஓடிக்கொண்டிருந்தான். அவன் வளைந்து இரும்புக் கைப்பிடியைச் சுழற்றுவது தெரிந்தது. சற்றைக்கெல்லாம் பாத்திகளின் நீர் கழுவெளியை நோக்கி இறங்கத் தொடங்கியது. உப்பு பிழைத்தது.

அவன் வேலைதான் பிழைக்கவில்லை. கணினியின் ஆணையின்றி எவரும் மதகைத் தொடக்கூடாது என்பது அசோகனின் புதிய விதி. புதிய நிரலின் பெருமையை ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தவர், ஒரு கைப்பிடி அதை வென்றதைப் பொறுப்பாரா? மறுநாள் காலைக் கூட்டத்துக்குப் பணிநீக்க ஆணை தயாரானது.

விடிந்ததும் வரப்பில் அமர்ந்திருந்த சில்வியாவிடம், அமுதா மதகுக்குப் பெயர் தந்த அமுதவல்லி வந்து நின்றாள்.

"கலையரசன்கிட்ட ஏன் தொறந்தேன்னு கேட்டாங்க. 'தோணுச்சுங்க'ன்னு சொல்லிட்டான். ஒன்ன காட்டிக் குடுக்கல. நீ என்னடான்னா இங்க குந்திக்கிட்டு நண்ட எண்ணுற."

அவள் போய்விட்டாள். காலடியில் உண்மையாகவே ஒரு நண்டு வளை தோண்டிக்கொண்டிருந்தது. சிறுவயதில் அப்பா சொன்ன கதை சில்வியாவுக்கு நினைவு வந்தது. தினமும் அலை வந்து மூடிவிடுகிற வளையை ஏன் தினமும் தோண்டுகிறாய் என்று ஒரு கொக்கு நண்டைக் கேட்டதாம். அலை வரும், போகும். இங்கே குடியிருப்பது நானல்லவா என்றதாம் நண்டு. அவள் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

கூட்டத்தில் அசோகன் ஆணையைப் படிக்கத் தொடங்கும்போதே அவள் எழுந்து நின்றாள்.  

"தப்பு என்னோடது. மாரியம்மா மதகுக்கு ஆணை குடுக்குற ஃபங்ஷன நான்தான் அழிச்சேன். அது வேணும்னு அவர் சொன்னாரு. நான் கேக்கல."

அப்படியானால் ஒப்பந்தம் அவளுடையதுதான் போகும் என்றார் அசோகன்.

"போகட்டுங்க. பேருங்க போகாது. பழைய பேருங்கள எல்லாம் திரும்ப வெச்சிட்டேன், ஆறெழுத்தா இல்ல, முழுசா. நம்பர்தான் வேணும்னா வேற ஆள வெச்சு எழுதிக்கோங்க."

வாசலில் நின்ற உப்பளப் பெண்கள் வேலைக்குப் போகவில்லை. கூடைகளைக் கீழே வைத்தார்கள், அவ்வளவுதான். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அசோகன் ஆணையை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அது பிறகு வெளியே வரவேயில்லை; ஒப்பந்தம் போகும் என்ற பேச்சும் எழவில்லை.

பத்து நாள் கழித்து, தென்மூலையில் மாரியம்மாளுக்குத் துணையாக ஒரு புதிய மதகு அமைந்தது. கலையரசன் இரும்புக் கைப்பிடியைச் சில்வியாவிடம் நீட்டினான். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, பல்லைக் கடித்துச் சுழற்றினாள். பலகை மேலெழுந்தது. நீர் ஓடியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

அவர்கள் வேலைக்குத் திரும்பியபின் அவன் விரல்விட்டு எண்ணினான்.

"இங்கிலீஷ்ல எண்ணிப் பாத்தேன். சில்வியா... சரியா ஆறு. பழைய நிரலா இருந்தாலும் ஒங்க பேர வெட்ட வேண்டியிருந்திருக்காது." பிறகு நீரைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னான். "இங்க ஒரு பேர வெச்சிட்டா எடுக்க மாட்டோங்க..."

"எடுக்கச் சொன்னது யாரு?"

அவன் நிமிர்ந்தான். அந்தக் கறுத்த கண்களை அவள் இம்முறை தவிர்க்கவில்லை.

"எனக்கு ஒங்கள பிடிச்சிருக்குது. மாதா கோயில்ல பாட்டுப் பாடுற எங்கப்பா ஒத்துக்க மாட்டாரு. சண்ட போடுவேன். ஒங்க வீட்ல?"

"அம்மாவும் ஒத்துக்காது. நானும் போடுவேன்." அவன் உதட்டோரம் சிரிப்பு அரும்பியது... "பொண்ணு யாருடான்னு கேக்கும். வந்த அன்னிக்கே ஒன் மேல ஏறி நின்னாளே, அவதாம்மான்னு சொல்லிக்கிறேன்."