ஒரே பூட்டு, ஆளுக்கொரு சாவி

பூட்டிக் கிடந்த பழைய துணிக்கடையை மறுநாள் காலை திறக்கப்போகிறார்கள். மொட்டை மாடியில் இருந்த பெரிய ஏசியோ அசைவேனா என்றது. எலக்ட்ரீசியன் தன் மனைவியின் தம்பியோடு அங்கே போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

கீழ்த்தளத்து ஸ்விட்ச் அறையில் எலி நாற்றம், கூடவே கருகிய ரப்பர் வாடை. மைத்துனன் மெயின் ஸ்விட்சின் கைப்பிடியை இறக்கி, பூட்டு மாட்டிவிட்டு மாடிக்குப் போனான். சாவி மேலே போகிறவன் பையில் மட்டும்தான் இருக்க வேண்டும். அவன் இறங்கி வந்து திறக்கும்வரை யாரும் கரண்ட் கொடுத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டே. இந்த மகானுபாவர்களோ ஒரே பூட்டுக்கு ஆளுக்கொரு சாவி வைத்திருந்தார்கள். கேட்டால், "குடும்பத்துக்குள்ள என்ன இருக்கு?" என்பார் எலக்ட்ரீசியன்.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "பார்த்துப் பண்ணுங்க. முன்னாடி வேலை பார்த்தவர் மேலயே போயிட்டாரு. ஆள் இருக்கறது தெரியாம கீழ ஸ்விட்சைப் போட்டுட்டாங்க."

"நாங்க என்ன நேத்தா தொழிலுக்கு வந்தோம்?" என்றார் எலக்ட்ரீசியன்.

கடைக்காரர் போனில் பிய்த்துப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். இருட்டத் தொடங்கியது. படியில் யாரோ நிதானமாக இறங்கி வரும் காலடிச் சத்தம் கேட்டது. மைத்துனன்தான் என்று எலக்ட்ரீசியன் நினைத்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் சாவியைப் போட்டுப் பூட்டைத் திறந்து, கைப்பிடியைத் தூக்கினார்.

அசையவில்லை.

துரு என்று நினைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார்.

ஜில்லென்று ஒரு கை அவர் விரல்களின் மேல் படிந்து, கீழே அழுத்தியது.

"விளையாடாத மாப்ள," என்றார் மெதுவாக.

பின்னால் யாரும் இல்லை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மைத்துனன்தான். "மாமா, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். ஒயரைக் கையில பிடிச்சிட்டிருக்கேன்."

இவனைக் கொன்றுவிட்டு இவன் அக்கா முகத்தில் எப்படி விழித்திருப்பேன்? முன்பின் தெரியாத, செத்துப்போன ஒருவருக்கு இருந்த அக்கறை எனக்கு இல்லாமல் போயிற்றே. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பாருங்கள், அவனுக்குத் தெரியாமல் சாவியை உருவிக்கொள்ள வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

பூட்டு மறுபடி மாட்டியிருந்தது.

அவர் மாட்டவில்லை.

சாவி அதிலேயே இருந்தது. திருகினார், இழுத்தார், இரண்டு கையாலும் ஆட்டினார். வரவில்லை. இழுக்க இழுக்க, உள்ளேயிருந்து யாரோ பிடித்திருப்பது போல் இருந்தது.

மைத்துனன் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். பூட்டைப் பார்த்தான். தன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவனுடைய சாவி அங்கே இருந்தது.

"நான் மேல இருக்கறப்பவா மாமா?"

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவன் கிசுகிசுத்தான்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கை இன்னும் சாவியின் மேலேயே இருந்தது. எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் விரல்களின் மேல் அந்தக் கை இன்னும் இருந்தது.