ஐந்தாவது பூ

எங்கள் தெருவில் ஒரு கடை பூமிக்குக் கீழே இருக்கிறது. முழுக்கக் கீழே இல்லை, பாதிதான். நடைபாதையில் போகும்போது அதன் ஜன்னல் நம் முழங்கால் உயரத்துக்கு வரும். மூன்று வருஷமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறேன். ஒரு நாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை.

குனிய வைத்தது என் கையுறை. பிப்ரவரி கடைசி வாரம், பனி உருகி எங்கள் பிஷ்கேக் நகரம் முழுக்கச் சேறாகக் கிடந்தது. கையுறை நழுவி அந்த ஜன்னல் ஓரத்தில் விழுந்தது. எடுக்கப் போனால் உள்ளிருந்து ஓர் ஒட்டகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"குந்துஸ்! இங்க வாயேன்! ஒட்டகம்!"

குந்துஸ் என் வகுப்புத் தோழி. ஐந்தாம் வகுப்பிலேயே அமைதியான ஆள் அவள்தான். வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் சொல்லும் "உள்ளேன்" எனக்கு மட்டும்தான் கேட்கும். நான்தான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வேன். சத்தம் போடுவது எனக்கு ஒரு கஷ்டமே இல்லை.

ஐந்து படி இறங்கி உள்ளே போனோம். ஒட்டகம் கம்பளியில் செய்தது. அதன் இரண்டு திமில்களிலும் ஓட்டை போட்டுப் பென்சில்களைச் சொருகி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பென்சில் தலையிலும் ஒரு குட்டி வெள்ளைக் கம்பளித் தொப்பி, கல்யாண வீட்டுக்கு வரும் பெரியவர்கள் போட்டிருப்பார்களே, அதேபோல. பக்கத்தில் பூட்ஸ் வடிவத்தில் பேனாக் கூடு. முதுகில் தினமும் ஒரு தாள் கிழிக்கும் நாட்காட்டியைச் சுமந்த செம்மறி ஆடு. பழைய தேர்வுத் தாள்களை ஊறவைத்து அரைத்துச் செய்த நோட்டுப் புத்தகங்களும் இருந்தன. ஒரு நோட்டின் அட்டையில் யாருக்கோ கணக்கில் போட்ட மதிப்பெண்ணின் சிவப்பு மை இன்னும் கரையாமல் இருந்தது. பாவம், அரைத்தும் போகவில்லை.

சுவரில் பலகை பலகையாக வாழ்த்து அட்டைகள். எல்லாமே கையால் செய்தவை. துணி ஒட்டியது, நூலால் தைத்தது, திறந்தால் கூடாரம் எழுந்து நிற்பது.

அன்றைக்குக் குந்துஸ் பேசினாள்! "இது எப்படிச் செஞ்சீங்க? இந்த அச்சு எதுல வெட்டினது? ரப்பர்லயா? என்ன மை?" நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கடைக்காரர் அனாரா அக்கா சிரித்தார். காதில் பொத்தான்களைத் தோடாக மாட்டியிருந்தார். "நீங்களும் செஞ்சு எடுத்துட்டு வாங்களேன். பெண்கள் தினத்துக்கு முந்தின நாள், ஏழாம் தேதி, வாசப் பக்கத்து மேசை புதுசா செய்யறவங்களுக்குத்தான். ஜனங்களுக்குப் புடிச்சுப் போச்சுன்னா அதோ, அந்தப் பலகை உங்களுக்கு."

சுவரில் ஒவ்வொரு பலகையின் அடியிலும் செய்தவர் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. ஒரே ஒரு பலகை மட்டும் காலியாக இருந்தது.

வெளியே வந்ததும் குந்துஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அகிலாய், அதுல நம்ம பேர் வந்தா போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பலாம்."

அவள் அம்மா மாஸ்கோவில் ஒரு தையல் ஆலையில் வேலை செய்கிறார். வருஷத்துக்கு ஒரு முறைதான் வருவார். தினமும் போன் பேசுவார்கள். குந்துஸ் "சாப்பிட்டேன், படிச்சேன்" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தம்பியிடம் போனைக் கொடுத்துவிடுவாள். சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை என்று அம்மா கவலைப்படுவாராம். அந்தப் பலகை எப்படியாவது எங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் அந்தச் சேற்றிலேயே முடிவு செய்துவிட்டேன்.

குந்துஸ் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு பெரிய ரப்பரில் அச்சு வெட்டினாள். கட்டைவிரலில் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு நான்காம் நாள் காட்டினாள். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு துலிப் பூக்கள். ஒன்று விரிந்தது, ஒன்று மொட்டு.

"இது நீ. இது நான்" என்றாள்.

"எது நான்?"

"வாய் தொறந்திருக்கே, அதுதான்."

கோபம் வரவில்லை. அந்தப் பூ அவ்வளவு அழகாக இருந்தது.

ஒரு முறை அச்சுக் குத்தினால் அட்டை வெறிச்சென்று இருந்தது. அதனால் இந்த ஓரம் ஒரு ஜோடி, அந்த ஓரம் ஒரு ஜோடி என்று இரண்டு முறை குத்தினோம். அவள் குத்தினாள், நான் மடித்தேன். நாற்பது அட்டை. எனக்கு முதுகு வலித்தது. அவளுக்கு மூக்கு நுனிவரை சிவப்பு மை.

ஏழாம் தேதி வந்தது. தெருவெல்லாம் மஞ்சள் மிமோசாப் பூ விற்பவர்கள், கையில் பையோடு அவசர அவசரமாக ஓடும் ஆண்கள். நாங்கள் மேசையில் அட்டைகளை விசிறிபோல அடுக்கினோம். குந்துஸ் அடுக்கியதையே கலைத்துக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

"நீ போய் சம்சா வாங்கிட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பி வைத்தேன். தெரு முனையில் கறி அடைத்த சம்சா சுடும் அடுப்பில் எப்போதும் கூட்டம். பத்து நிமிஷமாவது ஆகும்.

அவள் போன மறு நிமிஷம் முதல் ஆள் வந்தார். ஓர் அண்ணன். புதுச் சட்டை, புது வாசனை, தலைமுடியில் சீப்புப் பல்லின் தடம்கூடத் தெரிந்தது.

"தங்கச்சி, அட்டை அழகா இருக்கே! நாளைக்கு மொத தடவையா பொண்ணு வீட்டுக்குப் போறேன். மாமியாருக்குக் குடுக்கணும்."

"இத எடுத்துக்குங்கண்ணா. முதல் போணி!"

அவர் அட்டையைக் கையில் எடுத்தார். சிரித்த முகம் மெல்ல மாறியது. விரல் ஒவ்வொரு பூவாக நகர்ந்தது. பிறகு சூடான பாத்திரத்தைப் போல அட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா... இது எந்தச் சாவு வீட்டுக்கு?"

"என்னண்ணா சொல்றீங்க?"

"எண்ணிப் பாரு. நாலு பூ! உயிரோட இருக்கற பொம்பளைக்கு நாலு பூ குடுத்தா என் கல்யாணம் நடந்த மாதிரிதான்!"

நானும் விரலை வைத்து எண்ணினேன், நான்குதான்.

எங்கள் ஊரில் இது தெரியாத ஆளே கிடையாது. ஒன்று, மூன்று, ஐந்து என்றால் இருப்பவர்களுக்கு. இரண்டு, நான்கு, ஆறு என்றால் கல்லறைக்கு. பூக்கடைக்காரர்கள் எண்ணி எண்ணித்தான் கட்டுவார்கள். நாங்கள் இருவரும் பூவைப் பார்த்தோம், நிறத்தைப் பார்த்தோம், மடிப்பைப் பார்த்தோம். எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. நாற்பது அட்டையிலும் நான்கு நான்கு பூ. ஊரில் உள்ள அத்தனை அம்மாக்களுக்கும் இரங்கல் செய்தி அடித்து வைத்திருந்தோம்!

படபடவென்று யோசித்தேன். இன்னொரு முறை அச்சுக் குத்தலாமா? ஆறு ஆகும். இன்னும் ஒன்று? எட்டு. அந்த அச்சை வைத்துக்கொண்டு விடிய விடியக் குத்தினாலும் இரட்டைப்படைதான் வரும்.

ஓரத்து மொட்டை மட்டும் கத்தரித்துவிட்டால்? மூன்று ஆகிவிடும். அனாரா அக்காவின் கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்தும்விட்டேன்.

ஆனால் மொட்டு குந்துஸ். அவளை எப்படி வெட்டுவது? கத்தரிக்கோலை வைத்துவிட்டேன்.

இப்போது அவள் சம்சாவோடு வந்துவிடுவாள். 'சாவு வீட்டு அட்டை' என்று யாராவது அவள் காதுபடச் சொன்னால் அவ்வளவுதான். அந்த "உள்ளேன்"கூட இனிமேல் எனக்குக் கேட்காது. அழுகை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அந்த அண்ணன் இன்னும் போகவில்லை. அவரும் பாவமாகத்தான் நின்றார். ஒட்டகத்தின் திமிலில் இருந்து ஒரு பென்சிலை எடுத்து, அதன் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார். சிவப்புப் பென்சில்.

நான் பென்சிலைப் பார்த்தேன். அட்டையைப் பார்த்தேன். இரண்டு ஜோடிப் பூக்களுக்கும் நடுவே கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. சரியாக ஒரு பூ அளவு.

"அண்ணா! அஞ்சாவது பூவ நீங்க போடுங்க!"

"நானா? நான் குதிரை வரைஞ்சா சோபா மாதிரி இருக்கும், தங்கச்சி!"

"கடையில வாங்கின பூவ எல்லாரும்தான் குடுப்பாங்க. மாப்பிள்ளை கையால வரைஞ்ச பூவ யாரு குடுப்பா?"

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு மேசையில் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தார். பள்ளிக்கூடத்தில் ஓவியத் தேர்வு எழுதுகிறவரைப் போல வியர்த்துவிட்டது அவருக்கு. முடித்துவிட்டு அட்டையைத் தூரத்தில் நீட்டிப் பார்த்தார்.

"வெங்காயம் மாதிரி இருக்கே."

"நல்ல வெங்காயம்ணா" என்றேன்.

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சரி, அந்தம்மா சிரிச்சாங்கன்னா நான் பொழச்சேன்!" என்று காசைக் கொடுத்துவிட்டுப் படியேறினார். முதல் போணிக் காசை எல்லா அட்டைகள் மேலும் தொட்டுத் தடவினேன். எங்கள் சந்தையில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

உடனே ஓர் அட்டைத் துண்டில் பெரிதாக எழுதி வைத்தேன்: 'நாலு பூ நாங்கள் போட்டோம். ஐந்தாவது பூ உங்கள் கையால்!' ஒட்டகத்தையும் தூக்கி வந்து மேசையில் நிறுத்தினேன்.

குந்துஸ் சம்சாப் பொட்டலத்தோடு வந்தபோது மேசையைச் சுற்றி ஆறு பேர். பேருந்து ஓட்டுநர் ஒருவர், இரண்டு கல்லூரி மாணவர்கள், பையைத் தோளில் மாட்டிய ஒரு கணக்கு வாத்தியார், இன்னும் இரண்டு பேர். எல்லோரும் குனிந்து பூ வரைந்துகொண்டிருந்தார்கள்.

"என்னது இது?" என்று என் காதில் கேட்டாள்.

"வாங்கறவங்க கையும் கொஞ்சம் இருக்கட்டுமேன்னுதான்..." என்றேன். எனக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். நல்லவேளை, தலையில் குல்லாய் இருந்தது.

குந்துஸ் ஓர் அட்டையை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சம்சாவை என் கையில் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து பென்சில் சீவ ஆரம்பித்தாள்.

அன்றைக்கு நான் பார்த்த பூக்களை எங்கும் பார்க்க முடியாது. ஓட்டுநர் வரைந்த பூவுக்கு ஸ்டியரிங் போல வட்டத் தலை. வாத்தியார் பூவை அளவுகோல் வைத்துக் கோடு போட்டு வரைந்தார். நான்கு வயதுப் பொடியன் ஒருவன் பூவுக்குக் கண், மூக்கு, இரண்டு கால் எல்லாம் வைத்தான். அவன் அப்பா, "டேய், இது அம்மாவேதான்டா!" என்றார்.

பொழுது சாய்வதற்குள் முப்பத்தொன்பது அட்டைகள் போய்விட்டன. கடைசி ஒன்றைக் குந்துஸ் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் ஒட்டகத்தை அதன் இடத்தில் வைக்கப் போனபோது அனாரா அக்கா என் அருகில் குனிந்தார். "நாலு பூ. நானும்தான் காலையில பார்த்தேன், எனக்கே உறைக்கல" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு சத்தமாக, "பசங்களா! பலகைக்கு என்ன பேர் எழுதணும்?"

"குந்துஸ்" என்றேன் நான்.

"அகிலாய்" என்றாள் குந்துஸ். கடை முழுக்கக் கேட்டது.

இரண்டு பெயரையும் எழுதி ஒட்டினார். குந்துஸ் அதை ஏழு முறை போட்டோ எடுத்தாள். ஒன்றில் மட்டும் என் விரல் விழுந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நேத்து அம்மாகிட்ட எவ்வளவு நேரம் பேசினேன் தெரியுமா? அரை மணி நேரம்! தம்பி போனுக்காக அழுதே அழுதுட்டான்" என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன ரப்பரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். புதிதாக வெட்டிய அச்சு. அதில் ஒரே ஒரு துலிப் பூ இருந்தது.

நான் ரப்பரைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். "உனக்கு... தெரியுமா?"

"சம்சாவோட படி எறங்கறப்பவே தெரியும். ஒன் மூஞ்சி அப்படி இருந்துச்சு. அப்புறம் அட்டையில எண்ணிப் பாத்தேன்."

"அப்ப ஏன்டி ஒண்ணுமே சொல்லல?"

"நீயும்தான் சொல்லல."

மேசையருகே உட்கார்ந்தோம். அவள் பையிலிருந்து அந்த நாற்பதாவது அட்டையை எடுத்து விரித்தாள். புது அச்சை மையில் தொட்டு, இரண்டு ஜோடிக்கும் நடுவே வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

"இது யாரு?" என்று கேட்டேன்.

"அம்மா."

மை காயட்டும் என்று இருவரும் ஊதினோம். ஊதிக்கொண்டே நான் பூக்களை எண்ணினேன். ஐந்து. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறையும் எண்ணினேன்.