ஆகாயத்திலிருந்து பார்த்த சாட்சி

திங்கட்கிழமை காலையில் முத்துசெல்வி படியேறி வந்தபோது, ஆட்டோக்காரர் அய்யாத்துரை சனிக்கிழமை சாயங்காலம் பொருட்காட்சியில் போன எட்டு நிமிட ஹெலிகாப்டர் பயணத்தை நான்காவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் வேறு ஆள் இல்லாத பாவத்துக்குப் பூங்கொடி கேட்டுக்கொண்டிருந்தார்.

கோவில்பட்டி வட்டாரத்தில் எந்தத் தீப்பெட்டி ஆலை எரிந்தாலும் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கூப்பிடுவது பூங்கொடியைத்தான். சாம்பலைக் கிளறி, தீ எந்த இடத்தில் பிடித்தது, தானாகப் பிடித்ததா, பிடிக்க வைத்தார்களா என்று சொல்வது அவர் தொழில். இருபத்திரண்டு வருடமாகப் பொய்யர்களையே பார்த்துப் பழகியதில் அவருக்கு யார்மீதும் கோபம் வருவதில்லை. இளக்காரம்தான் வரும். போகிற இடமெல்லாம் அவரைக் கொண்டுபோய் விடுகிற அய்யாத்துரை, யாரும் கேட்காமலே தன்னை அவருடைய உதவியாளராக நியமித்துக்கொண்டவர்.

"சந்தையில ஆட்ட நிறுக்க மாதிரி நம்மள மெஷின்ல ஏத்தி, எழுபத்திநாலுன்னு சத்தமாச் சொல்லி எழுதுதான் மேடம். எடையப் பாத்துத்தான் எந்த சீட்டுன்னே சொல்லுதான்" என்றார் அய்யாத்துரை. "அது போவட்டும். வெள்ளிக்கிழமை புழுதி பறந்து பொருட்காட்சிக் கடை பஜ்ஜி பூரா மண்ணாப் போச்சாம். சனிக்கிழமை மத்தியானம் நாலு லாரித் தண்ணிய அடிச்சு மைதானத்த நனைச்சிட்டானுவ. எந்த ஊர்க்காரனுவளோ! கரிசல்ல தண்ணிய விடலாமா? செருப்புல ஆளுக்கு ஒரு படி மண்ணு. இந்த மண்ணோட உள்ள ஏறப்புடாதுன்னு பைலட்டு சொல்லிட்டாரு. எல்லாரும் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு, சாக்கு மேல நடந்து வெறுங்காலோட ஏறுனோம். எறங்கி வந்தா எம் புதுச் செருப்பக் காணல."

"கோவில்பட்டிய மேலருந்து பாக்கச் செருப்பயும் குடுத்திட்டு வந்திருக்கீங்க" என்றார் பூங்கொடி. "கீழ நின்னு பாத்தாலும் இதே ஊருதான் அண்ணாச்சி."

அய்யாத்துரைக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த எட்டு நிமிடத்தை அவர் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அதற்குள் முத்துசெல்வி வாசலில் நின்று, "அக்கா, என்னத் தெரியுதா?" என்று கேட்டாள். முன்பு எரிந்துபோன ஒரு தீப்பெட்டி யூனிட்டில் குச்சி அடுக்கியவள் அவள். அன்று பூங்கொடி எழுதிய நேர்மையான அறிக்கையால்தான் பெண்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது.

கடம்பூர் போகும் வழியில், நகரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டரில் காடையூரணி. முத்துசெல்வியும் அவள் புருஷன் மாரிசெல்வமும் அங்கே ஆடு மேய்ப்பவர்கள். சனிக்கிழமை இரவு ஏழரை மணிவாக்கில், ஊர்ப் பெரிய பண்ணை சங்கரபாண்டியன் சோளத்தட்டையை அடுக்கிப் போர் போட்டிருந்த படப்பு எரிந்தது. ஞாயிறு மாலை மாரிசெல்வத்தைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது.

"எம்புருசன் தீ வைக்கதப் பண்ணையாரு ஹெலிகாப்டர்ல இருந்து பாத்தாவளாம்" என்றாள் முத்துசெல்வி. "அவரு தனியா ஆட்டுக்கெடையில கெடந்தாரு. ஆட்டக் கேட்டா சாட்சி சொல்லும்?"

"உங்க மேல சங்கரபாண்டியனுக்கு என்ன?"

"சோலார்க்காரனுக்குக் குடுக்க நாப்பது ஏக்கர வளைச்சு வேலி போட்டுட்டாவ. நட்ட நடுவுல எங்க மூணு ஏக்கரு. அதுல கெணறு இருக்கு, நாங்க குடுக்கல. இன்னைக்குக் காலையில கிரயப் பத்திரத்த எழுதி ஆள்கிட்ட குடுத்து விட்டிருக்காவ. நாலு மணிக்கு ஸ்டேஷனுக்குப் பத்திரத்தோட வா, கையெழுத்துப் போட்டா புகார வாபஸ் வாங்குதேன்னு. இல்லைன்னா அஞ்சு மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போயிருவாவளாம்." மஞ்சள் பையைத் திறந்து அந்தப் பத்திரத்தைக் காட்டினாள். "நிலமா அவரான்னா, அவருதான அக்கா? ஆனா அதயும் குடுத்திட்டா ஆட்ட எங்கன கொண்டு போயி நிறுத்த?"

பூங்கொடி பத்திரத்தை வாங்கவில்லை. "நாலு மணிக்கு வா. நான் சொல்லாமக் கையெழுத்துப் போடாத" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் மாதவனுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். மாதவன் புகாரை வாசித்துக் காட்டினார். இரவு ஏழு நாற்பதுக்கு ஹெலிகாப்டரில் பறந்துகொண்டிருந்தபோது, மாரிசெல்வம் படப்பின் வடக்கு மூலையில் வெள்ளைக் கேனிலிருந்து எதையோ ஊற்றிக் கொளுத்தியதைக் கண்ணால் கண்டதாக எழுதியிருந்தது.

"எனக்கும் நம்பிக்கையில்ல மேடம். ஆனா பெரிய மனுசன் எழுதிக் குடுத்திருக்காரு. பயணிகள் லிஸ்ட்ல பேரு இருக்குன்னு கம்பெனியும் சொல்லிட்டான். வீடியோ வேற வச்சிருக்காரு" என்றார் மாதவன்.

"நான் பாக்கையில கதிரேசன் கோயில் மலையே கையளவுதான் தெரிஞ்சுது" என்று அய்யாத்துரை பொங்கினார். "ராத்திரில ஆளு முகம் தெரியுமாக்கும்! இதுல கேன் வெள்ளையாம்!"

"அந்தக் கேன மறந்திராதீங்க அண்ணாச்சி" என்றார் பூங்கொடி.

முதலில் படப்பைப் பார்க்கப் போனார்கள். ஊரார் வருவதற்குள் முழுவதும் பற்றிவிட்டதால், எந்தப் பக்கம் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கலையாத சாம்பல் ஒரு முழ உயரத்துக்குப் படிந்திருந்தது. பூங்கொடி கம்பியால் நான்கு மூலையிலும் மெதுவாகக் கிளறினார். வடக்கு மூலையில் மட்டும் அடிமண் செங்கல் நிறத்துக்குச் சுட்டுப் போயிருந்தது. அதன்மேல், சாம்பலுக்கு அடியில், உள்ளங்கையளவு வெள்ளை பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்தது. ஊர்க்காரர்கள் இருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். தீ அணைந்ததிலிருந்து யாரும் இங்கே கைவைக்கவில்லை என்று அவர்கள் சொன்னதைச் செல்போனில் பதிந்துகொண்டார்.

அய்யாத்துரைக்கு முகம் தொங்கிவிட்டது. "அப்ப அவரு சொன்னது சரியால்லா இருக்கு?"

"ரொம்பச் சரி" என்றார் பூங்கொடி. அவர் முகத்தில் ஏன் சிரிப்பு என்று அய்யாத்துரைக்கு விளங்கவில்லை.

காடையூரணி பஸ் நிறுத்தத்தில் புது பிளெக்ஸ் கட்டியிருந்தது. ஹெலிகாப்டர் ஒன்று மேகத்தில் மிதக்க, அதைவிடப் பெரிதாகச் சங்கரபாண்டியன் கும்பிட்டுக்கொண்டிருந்தார். 'விண்ணை அளந்த வேங்கையே' என்று கீழே எழுதியிருந்தது. எட்டு நிமிடம் பறந்ததற்கு வேங்கை என்றால், தினமும் பறக்கிற காக்காய்க்கு என்ன பட்டம் கொடுப்பார்கள் என்று அய்யாத்துரைக்குத் தோன்றியது. காலையில் பேசிய தன் பேச்சும் கூடவே ஞாபகம் வந்து கொஞ்சம் கூசியது.

வீட்டுக் கூடத்தில் சங்கரபாண்டியன் உட்கார்ந்திருந்தார். நூறு கிலோவுக்குக் குறையாத ஆள். நாற்காலி அவரைத் தாங்கிக்கொண்டிருந்ததே பெரிய காரியம். இன்சூரன்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் பணம் வரப்போகிறது என்று நினைத்து வாயெல்லாம் பல்லானார். டிரைவர் தங்கச்சாமி டீ கொண்டுவந்து வைத்தான். காற்றடித்தால் விழுந்துவிடுகிற உடம்பு அவனுக்கு. ஹெலிகாப்டரில் தான் எடுத்ததாகச் சங்கரபாண்டியன் சொன்ன வீடியோ பெரிய டிவியில் ஓடியது. கீழே ரயில்வே ஸ்டேஷன் விளக்குகள், தூரத்தில் காற்றாலைகளின் சிவப்புப் பொட்டுகள், இன்னும் தூரத்தில் மிளகாய்ப்பழம் அளவுக்கு ஒரு நெருப்பு. அவ்வளவுதான்.

"ஏறுறதுக்கெல்லாம் வசதியா இருந்துதா?" என்று பூங்கொடி கேட்டார்.

"ராஜ மரியாதை! சிகப்புக் கம்பளம் விரிச்சு, ரெண்டு பக்கமும் பிள்ளைய பூவப் போட்டுது. இந்தா, இந்த வெள்ள ஷூவோட அது மேல நடந்தே போயி ஏறுனேன். பைலட்டே என் ஷூவப் பாத்து எங்க வாங்குனீயன்னு கேட்டான்னா பாத்துக்கோங்க."

"ஷூ நல்லாத்தான் இருக்கு. பொட்டு அழுக்கில்ல" என்றார் பூங்கொடி. பிறகு டிரைவரிடம் திரும்பி, "நீங்க போகலையா தம்பி?" என்றார்.

தங்கச்சாமி முதலாளியைப் பார்த்துவிட்டு, "நான் கார்லயே இருந்தேன்" என்றான்.

பூங்கொடி டீயைத் தொடாமல் எழுந்துகொண்டார். திரும்பும் வழியில் பொருட்காட்சி மைதானத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். ஹெலிகாப்டர் கம்பெனியின் கூடாரத்துக்குள் போய்க் கால் மணி நேரத்தில் ஒரு தாளோடு வந்தார். அய்யாத்துரை எட்டிப் பார்த்தும் காட்டவில்லை.

நான்கு மணிக்கு ஸ்டேஷனில் எல்லோரும் இருந்தார்கள். மூலையில், சுவரோரமாகத் தரையில் மாரிசெல்வம் குத்தவைத்திருந்தான். முத்துசெல்வி பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கரபாண்டியன் இன்ஸ்பெக்டருக்கு எதிர் நாற்காலியில் நிறைந்திருந்தார். தங்கச்சாமி வாசலில் நின்றான்.

"ஏட்டி, பத்திரத்த எடு. எனக்கு வேல கெடக்கு" என்றார் சங்கரபாண்டியன்.

"ஒரு நிமிசம்" என்றார் பூங்கொடி. "கம்பளம், ஷூ, பைலட்டு சொன்னது எல்லாத்தையும் சார்கிட்டயும் சொல்லிருங்க. அதுவும் எழுத்துல இருக்கட்டும்."

பீற்றிக்கொள்ள இன்னொரு வாய்ப்புக் கிடைத்தால் விடுவாரா? பூவைக் கொஞ்சம் கூடவே போட்டுச் சொன்னார். மாதவன் எழுதி முடித்ததும் கையெழுத்தும் போட்டார்.

"அண்ணாச்சி" என்று பூங்கொடி அய்யாத்துரையைப் பார்த்தார். "சனிக்கிழமை நீங்க எப்படி ஏறுனீங்க?"

"நானா? தண்ணிய விட்டு ஒரே சகதில்லா? எல்லாரும் செருப்பக் கழட்டி…" அய்யாத்துரை நிறுத்தினார். அவருக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து நான்கு முறை தன் வாயாலேயே சொன்ன விஷயம்! "வெறுங்காலோடல்லா போனோம்! அங்க ஷூவும் இல்ல, கம்பளமும் இல்ல. கம்பளம் வெள்ளிக்கிழமை தொடக்க விழாவுல மட்டுந்தான். பேப்பர்ல போட்டோ போட்டிருந்தான்!"

"அந்தப் போட்டோவுலதான் இவரு பறந்துட்டு வந்திருக்காரு" என்றார் பூங்கொடி.

"நான் வி.ஐ.பி.! எனக்குத் தனி வழி!" என்று சங்கரபாண்டியன் கத்தினார்.

பூங்கொடி தாளை மேசையில் வைத்தார். "யாருக்கும் தனி வழி இல்லைன்னு கம்பெனி மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. இது அன்னைக்குப் பயணிங்க எடை எழுதுன பட்டியல். ஏழு நாப்பது பயணம். பேரு சங்கரபாண்டியன். எடை அம்பத்தொண்ணு."

மாதவன் தாளைப் பார்த்தார். எதிர் நாற்காலியைப் பார்த்தார். எடை மெஷின் எதுவும் தேவைப்படவில்லை. வாசலில் நின்ற போலீஸ்காரர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

"தம்பி, உன் எடை எவ்வளவு?" என்று மாதவன் தங்கச்சாமியைக் கேட்டார்.

அவன் அழுதேவிட்டான். "முதலாளிதான் சார் போகச் சொன்னாவ. அவிய பேரச் சொல்லி ஏறு, எம் போன்ல படம் எடுன்னாவ. அவியளே கார ஓட்டிக்கிட்டுப் போயிட்டாவ. என்ன பஸ்ஸுல வரச் சொல்லிட்டாவ."

சங்கரபாண்டியன் வேர்வையைத் துடைத்தார். "சரி, நான் பறக்கல. உயரம்னா எனக்குப் பயம். வெக்கத்துல சொல்லல. அதுக்காக எம் படப்புல நானே தீ வச்சேன்னு ஆயிருமா?"

"ஆகாதுதான்" என்று பூங்கொடி ஒத்துக்கொண்டார். "ஆனா நீங்க புகார்ல வடக்கு மூலைன்னு எழுதியிருக்கீங்க. வெள்ளைக் கேன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் உண்மை. கேன் சாம்பலுக்கு அடியில உருகிக் கிடந்துச்சு, இன்னைக்கு நான் கிளறுறவரைக்கும் யாரும் பாக்கல. ஊர்க்காரங்க வர்றப்ப படப்பு முழுக்கப் பத்திருச்சு, மூலை அவங்களுக்கே தெரியாது. வானத்துல போன உங்க டிரைவருக்கு நெருப்பே மிளகாய்ப்பழம் மாதிரிதான் தெரிஞ்சிருக்கு. அப்ப மூலையும் கேனும் யாருக்குத் தெரியும்? பக்கத்துல நின்னு ஊத்துனவனுக்குத்தான் தெரியும். பொய் சொல்ல வந்த இடத்துல உண்மைய எழுதிக் குடுத்துட்டீங்க. பாத்தேன்னு மட்டும் சொல்லியிருந்தாக்கூடத் தப்பிச்சிருக்கலாம். பெருமை விட்டாத்தானே?"

மாதவன் எழுந்து போய் மாரிசெல்வத்தைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "மன்னிச்சுக்கப்பா" என்றார். மாரிசெல்வத்துக்குக் கால் மரத்துப்போயிருந்தது. முத்துசெல்வி ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாள். கையெழுத்துப் போடாத கிரயப் பத்திரத்தை நாலாகக் கிழித்து மேசையில் வைத்தாள்.

"முத்துசெல்வி, ஆத்தா" என்றார் சங்கரபாண்டியன். அந்த 'ஏட்டி' எங்கோ போய்விட்டது. "நீ பெரிசுபடுத்த வேண்டாம்னு சாருகிட்ட ஒரு வார்த்த சொல்லு. உனக்கு என்ன வேணும்? வேலிய எடுத்திருதேன். பாதை விட்டிருதேன்."

அவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பயம் போன இடத்தில் அருவருப்பு மட்டும் இருந்ததை அய்யாத்துரை கண்டார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். பஸ் ஸ்டாப்புல வச்சு, எம்புருசனத் தீ வச்ச பயன்னு ஊரக் கூட்டிச் சொன்னீயள்லா? அதே எடத்துல நின்னு, தீ வச்சது நான்தான்னு அதே வாயால சொல்லணும். கேஸு சாரு பாடு."

சங்கரபாண்டியன் இன்ஸ்பெக்டர் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காது என்று நினைத்து, தணிந்த குரலில் கேட்டார்.

"தீ வச்சதச் சொல்லிருதேன் சார். ஹெலிகாப்டர்ல போகலன்னும் சொல்லணுமா?"

ஸ்டேஷனே அவரைத் திரும்பிப் பார்த்தது. முத்துசெல்வி பார்க்கவில்லை. "வாங்க, ஆடு நேத்துலருந்து பட்டினியாக் கெடக்கு" என்று புருஷனைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.