பட்டு மாமி மலை ஏறினாள்

மெட்ராஸ்காரர்களுக்கு மேடு என்றால் ஜெமினி மேம்பாலம்தான். அதைவிட உயரம் வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும்.

அதனால்தான் ஸஹானாவின் அப்பா சாய்நாத், இமயமலையில் வண்டி ஓட்டிப் பழகுவதற்காக, விடிகாலையில் ஜெமினி மேம்பாலத்துக்குப் போனார். பாதி ஏற்றத்தில் வேனை நிறுத்துவார். மறுபடி கிளப்புவார். பின்னால் வரும் பால் வண்டிக்காரர் ஹார்ன் அடிப்பார். அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மலைப் பயிற்சி சார், மலைப் பயிற்சி!" என்பார்.

அது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஏற்றிக் களைத்துப்போன பழைய டீசல் வேன். அப்பா அதைச் சல்லிசாக வாங்கினார். இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில்கள் போட்டார். ஓர் ஓரத்தில் அடுப்பு, இன்னோர் ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. வெளியே அரக்கு நிறம் அடித்து, அடியில் மஞ்சள் பட்டையும் இழுத்தார்.

மயிலாப்பூரில் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றதும், ஸஹானாவின் தம்பி ஷ்ரவண் கை தட்டினான். அவனுக்கு வயது ஐந்து.

"பட்டுப் புடவை கட்டிண்ட மாமி மாதிரி இருக்கு!" என்றான்.

அன்றிலிருந்து வேனுக்குப் பெயர் பட்டு மாமி.

கோடை விடுமுறையில் ஒரு மாதம் முழுக்கப் பட்டு மாமிக்குள்ளேயே சமையல், பட்டு மாமிக்குள்ளேயே தூக்கம். முதலில் பாலைவனம், அப்புறம் பனிமலை. பத்து வயது ஸஹானாவுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். பனியைக் கையால் தொட வேண்டும். ஃப்ரிட்ஜைத் திறந்து சுரண்டி எடுக்கிற பனி இல்லை. வானத்திலிருந்து விழுந்த நிஜப் பனி.

கிளம்புவதற்கு முதல் நாள் மெக்கானிக் கலீமுல்லா வந்து வண்டியைப் பார்த்தார்.

"இஞ்சின் சூப்பரா கீது சார். டயர் அல்லாம் புச்சு. ஆனா ஹேண்ட் பிரேக் புடிக்க மாட்டேங்குது. பார்ட்டு வர ஒரு வாரம் ஆவும். வெயிட் பண்ணு சார்."

"ஒரு வாரமா! எனக்கு லீவே ஒரு மாசம்தான்பா. ஏத்தத்துல நிறுத்தினாத்தானே ஹேண்ட் பிரேக்? பாத்துக்கலாம்."

"மலைக்குத்தானே சார் போறே?"

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஜெமினி மேம்பாலத்துல ஏத்திப் பாத்தாச்சு" என்றார்.

கலீமுல்லா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "இன்னா சார் நீ! சரி, ஏத்தத்துல நின்னா பின்சக்கரத்துக்கு ஒரு கல்லு முட்டு குட்த்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரேக்கைச் சரிசெய்யாமல் கிளம்பியது முதல் தப்பு. மே மாதத்தில் பாலைவனத்துக்குப் போனது இரண்டாவது தப்பு.

"கத்திரி வெயில்ல மாம்பலத்துல பஸ்ஸுக்கு நின்னவன் நான். ராஜஸ்தான் வெயில் என்னை என்ன பண்ணிடும்?" என்று வழியெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். ஜெய்சால்மர் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் ஓட்டினார்.

ஆனால் அந்த ஊர்தான் என்ன அழகு! காலையில் இளஞ்சிவப்பாக இருந்த மணல் மேடுகள், சாயங்காலம் மஞ்சள் பொடியைக் கொட்டி வைத்ததுபோல் மாறிவிட்டன. மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்த ஸஹானா, தெருவில் மயில் நடந்து போவதை முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான்.

அம்மா ஸ்ரீரஞ்சனி பாட்டு டீச்சர். எங்கே இருந்தாலும் காலையில் கோலம் போட்டால்தான் அவளுக்குப் பொழுது விடியும்.

"வேனுக்கு ஏதும்மா வாசல்?" என்று கேட்டாள் ஸஹானா.

"கதவு இருக்கோன்னோ? அப்போ வாசலும் இருக்கு."

அம்மா கடைசி இழையை இழுப்பதற்குள் இரண்டு ஆடுகள் வந்து அரிசி மாவை நக்கித் தீர்த்துவிட்டன. ஸஹானாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா அசரவில்லை. "எறும்பு தின்னட்டும்னுதானே போடறோம்? இது கொஞ்சம் பெரிய எறும்பு" என்றாள்.

அன்று காலை, வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று சீக்கிரமே கிளம்பினார்கள். ஆளில்லாத நீளச் சாலை. திடீரென்று தடால் என்று ஒரு சத்தம். பட்டு மாமி ஒரு பக்கமாகச் சாய்ந்து, தள்ளாடி நின்றாள்.

முன் டயர் வெடித்திருந்தது. நடுச் சாலையில் ஒரு பெரிய கல் கிடந்தது.

"யாருப்பா இதை ரோட்டுல வெச்சா?" என்றாள் ஸஹானா.

"ஏதாவது லாரி ரிப்பேராகி நின்னிருக்கும். உருளாம இருக்கக் கல்லை வெச்சிருப்பா. கிளம்பற அவசரத்துல எடுக்காம போயிருப்பா."

அப்பா டயரை மாற்றி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஷ்ரவணின் முகம் தக்காளிப் பழமாகச் சிவந்துவிட்டது. "தலை வலிக்கறதும்மா" என்று அழுதான். ஒட்டக வண்டியில் வந்த ஒரு பெரியவர் இறங்கி, அவன் தலையில் துணியைச் சுற்றி, பானையிலிருந்து மோர் கொடுத்தார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத்தான் போனார். அந்த மோரின் ருசியை வீட்டில் எல்லோரும் வெகுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது ஸஹானாவைக் காணோம். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தக் கல்லைச் சாலையை விட்டுக் கீழே உருட்டிக்கொண்டிருந்தாள்.

அதன்பின் வடக்கே போகப் போக மலை வந்தது. மலை என்றால் எப்படிப்பட்ட மலை! கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாலும் உச்சி தெரியவில்லை. சாலைக்குப் பக்கத்திலேயே ஆறு வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டு ஓடியது. ஷ்ரவண் அதற்கு டாட்டா காட்டிக்கொண்டே வந்தான்.

ஒரு வளைவில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. அப்பா வண்டியை நிறுத்தினார். மறுபடி கிளப்பினார். பட்டு மாமி முன்னால் போவதற்குப் பதில் பின்னால் உருண்டாள்! அப்பா பிரேக்கை ஓங்கி மிதித்தார். பின்னால் வந்த ஜீப்புக்கும் வேனுக்கும் நடுவே ஓர் அடிகூட இல்லை.

அம்மா சுவாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "இன்னொரு தடவை இப்படி உருண்டா, நேரா மெட்ராஸ்தான். பனியும் வேண்டாம், கினியும் வேண்டாம்" என்றாள்.

"நான் கல் வெக்கறேம்மா!" என்றாள் ஸஹானா. "அப்பா நிறுத்தினதும் சக்கரத்துக்குப் பின்னாடி வெச்சுடறேன்."

"தனியா போகாதே. நானும் வரேன். வண்டிக்குப் பின்னாடி நிக்கவே கூடாது. பக்கத்துலேர்ந்துதான் வெக்கணும்" என்றாள் அம்மா.

அப்படித்தான் ரோத்தாங் கணவாய்க்கு ஏறத் தொடங்கினார்கள். அங்கேதான் பனி இருந்தது. பாதை அப்போதுதான் திறந்திருந்ததால் வண்டிகள் வரிசை கட்டி, நின்று நின்று போயின. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஸஹானாவும் அம்மாவும் இறங்கிக் கல் வைப்பார்கள். பட்டு மாமி உறுமிக்கொண்டு கிளம்புவாள். அப்பா கொஞ்சம் தள்ளிப் போய், சரிவு குறைந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு கத்துவார்.

"ஏறு, ஏறு! வா சீக்கிரம்!"

ஸஹானா வர மாட்டாள். கல்லைச் சாலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் வருவாள். அந்த உயரத்தில் நாலு அடி நடந்தாலே மூச்சு முட்டியது. பின்னால் ஒரு பெரிய லாரி விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது.

கடைசியில் ஒரு போலீஸ்காரர் விசிலடித்துக்கொண்டு வந்தார். அம்மா தி. நகரில் வகுப்புக்குப் போய் ஹிந்திப் பரீட்சையெல்லாம் எழுதியவள். புத்தகத்தில் இருப்பதுபோலவே பேசுவாள். போலீஸ்காரர் அதைக் கேட்டு ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, அப்புறம் பதில் சொன்னார்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "நம்மாலதான் வரிசை முழுக்கத் தேங்கறதாம். அடுத்த வளைவுல டீக்கடைகிட்ட அகலமா இடம் இருக்காம். அங்க வண்டியைத் திருப்பிண்டு கீழ போயிடணுமாம்."

டீக்கடை வந்தது. அப்பா வண்டியை ஓரம் கட்டினார். மேலே, இரண்டே வளைவுக்கு அப்பால், பனி பளபளத்துக்கொண்டிருந்தது. ஸஹானாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஸஹானா" என்று அப்பா மெதுவாகக் கூப்பிட்டார். "இன்னும் கொஞ்ச தூரம்தான். கல்லை அப்படியே விட்டுட்டு ஓடி வந்து ஏறிட்டா நேரமே ஆகாது. போலீஸ்காரர்கிட்ட நான் கேட்டுப் பாக்கறேன். என்ன சொல்றே?"

ஸஹானா பனியைப் பார்த்தாள். பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள். ஒரு ஸ்கூட்டரில் ஒரு குட்டிப் பெண் அப்பாவைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வேண்டாம்பா" என்றாள். "அந்த ஸ்கூட்டர் கல்லு மேல ஏறினா என்ன ஆகும்? நாம திரும்பிப் போயிடலாம்."

அப்பா அவள் தலையைத் தடவினார்.

ஷ்ரவண் ஓவென்று அழுதான். அழுதுகொண்டே டீக்கடையைச் சுற்றி நடந்தான். ஜெய்சால்மரில் வாங்கிய மர ஒட்டகம், கயிற்றின் நுனியில், அவன் பின்னாலேயே கடகடவென்று வந்தது. அவன் நின்றால் அதுவும் நின்றது. அவன் நடந்தால் அதுவும் நடந்தது.

ஸஹானா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா! கல்லை விட்டுட்டும் போக வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். அது நம்மகூடவே வந்தா?"

டீக்கடை வாசலில் விறகு அடுக்கியிருந்தது. அதில் ஒரு கட்டையை, ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் சரிந்திருந்த கட்டையை, ஸஹானா தேடி எடுத்தாள். கடைக்கார அம்மாவிடம் சைகையாலேயே கேட்டாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்ளச் சொன்னார். துணி காயப்போடும் நைலான் கயிற்றை அம்மா அவிழ்த்துக் கொடுத்தாள். கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, மறுநுனியைப் பட்டு மாமியின் அடியில் கட்டினார்கள்.

அப்பா வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினார். கட்டை சக்கரத்தின் பின்னால் வராமல், ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு ஓடியது.

"சரிப்படலையேடி" என்றாள் அம்மா.

ஸஹானா யோசித்தாள். "ஒத்தைக் கயிறுன்னா கோணும்மா. ஊஞ்சலுக்குக் கட்டற மாதிரி ரெண்டு பக்கமும் கட்டணும்!"

கயிற்றை இரண்டாக வெட்டிக் கட்டையின் இரு முனையிலும் கட்டினார்கள். இப்போது கட்டை, பின்சக்கரத்துக்கு நேர் பின்னால், சமர்த்தாக வந்தது. அப்பா ஏற்றத்தில் நிறுத்திப் பிரேக்கை விட்டார். பட்டு மாமி ஒரு சாண் பின்னால் வந்து, கட்டையில் டக்கென்று முட்டி நின்றாள்.

போலீஸ்காரர் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் போய், பானட்டில் இரண்டு கையையும் ஊன்றி, தம் பிடித்துப் பின்பக்கமாகத் தள்ளினார். வண்டி அசையவில்லை. மறுபடியும் தள்ளிப் பார்த்தார். பிறகு ஸஹானாவைப் பார்த்து மீசைக்குள் சிரித்துக்கொண்டே கையை மேல்பக்கமாக வீசினார்.

"சலோ!"

பட்டு மாமி முனகினாள், புகைவிட்டாள், ஆனால் ஏறினாள். வரிசை நின்றால் நின்றாள், நகர்ந்தால் நகர்ந்தாள். யாரும் இறங்கவில்லை, யாரும் ஓடவில்லை. பின்னால் வந்த லாரியின் ஹார்ன் சத்தமும் கேட்கவில்லை.

உச்சியில் வண்டி நின்றதும் ஷ்ரவணும் அம்மாவும் கதவைத் திறந்துகொண்டு ஓடினார்கள். எங்கே பார்த்தாலும் வெள்ளை. கண் கூசியது. ஸஹானா மட்டும் குனிந்து, கட்டை சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த லாரியும் பக்கத்தில் வந்து நின்றது. வாட்டசாட்டமான டிரைவர் இறங்கி நேராக அப்பாவிடம் வந்து, கனத்த குரலில் ஏதோ கேட்டார். அப்பா கொஞ்சம் பயந்துதான் போனார். அம்மாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"உங்க வண்டி கிளீனர் யாருன்னு கேக்கறார்" என்றாள் அம்மா.

அப்பா ஸஹானாவைக் காட்டினார். ரெட்டைச் சடையும், பாவாடை மேல் அப்பாவின் பழைய ஸ்வெட்டருமாக அவள் எழுந்து நின்றாள்.

டிரைவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். இன்னும் ஏதோ சொன்னார். அம்மா அதைத் தமிழில் சொல்லும்போது, அவள் குரலில் பெருமை வழிந்தது.

"வழி முழுக்க உன்னைப் பாத்துண்டே வந்தாராம். எத்தனையோ வருஷமா இந்த மலையில ஓட்டறாராம். கல்லை எடுத்து ஓரமா வெச்சுட்டுப் போன முதல் கிளீனர் நீதானாம்."

டிரைவர் தன் பெரிய கம்பளிக் கையுறைகளைக் கழற்றி, அவள் கைகளில் மாட்டிவிட்டார். அவை அவளுக்கு முழங்கை வரை வந்தன. ஸஹானாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெரிதாக ஒரு கும்பிடு போட்டாள்.

அவர் லாரியில் ஏறிப் போகும்வரை மரியாதையாகக் காத்திருந்தாள். பிறகு கையுறைகளைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு, ஒரே ஓட்டமாக ஓடிப்போய், இரண்டு கைகளையும் பனிக்குள் விட்டாள்.

"அப்பா!" என்று கத்தினாள். "சுடறதுப்பா!"