இருசப்பனின் வாட்ச்

பெட்டிக்குள் ஒரு வாட்ச் குப்புறக் கிடந்தது. காஜா மைதீன் வாட்ச்சைக் குப்புற வைக்கிற ஆளே இல்லை.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அவருக்குச் செருப்புக்கடை. உயிரெல்லாம் இந்தப் பழைய சாவி வாட்ச்சுகளில். எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னால் மணிக்கட்டைப் பார்க்கிற மனுஷன். நிமிர்த்தி வைத்தார். மறுநாள் இரண்டு கிடந்தன. இரண்டும் நின்றுபோயிருந்தன, கண்ணாடியில் ஈரச் செம்மண் ஒட்டியிருந்தது.

"நீங்களே எடுத்துப் பாத்துட்டு மறந்திருப்பீங்க. வாட்ச்சக் கட்டிக்கினவருக்கு வாக்கப்பட்டேன், இன்னா செய்யறது" என்றாள் மெஹ்ராஜ் பேகம்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மண் எந்த ஊர் மண் என்று அவருக்குத் தெரியும்.

மலைமேல் இருக்கிற கரியாலூர் சந்தைக்குச் செருப்பு மூட்டையோடு போகும்போதெல்லாம் பெரியவர் இருசப்பனைப் பார்ப்பார். எந்தக் காலத்திலோ மலையை அளக்க வந்த அதிகாரி இருசப்பனின் தகப்பனுக்குக் கொடுத்த வாட்ச் அவர் கையில் இருந்தது. நேரம் பிசகாத இயந்திரம்; அந்த ரகத்தில் மிஞ்சியவை அபூர்வம். கண் மங்கிப்போன இருசப்பன் அடிக்கடி மணிக்கட்டைத் தூக்கிக் காதில் வைத்துக் கேட்பார். விலை கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான். "நான் போம்போது இதுவும் என்கூட வரும், பாயி."

சமீபத்தில் பெரியவர் இறந்துபோனார். கையில் கட்டியிருந்ததோடு புதைப்பது அந்த வீட்டு வழக்கம். ஆசை வெட்கமறியுமா? இழவுக்குப் போனவர், "தொடச்சிக் கட்டி வுடறேன், வீரமணி" என்று மகனிடம் கேட்டு வாங்கினார். பார்வைக்கு அச்சு அசலாக அதே மாதிரி இருக்கிற, உள்ளே துருப்பிடித்து ஓடாத ஒன்றைப் பையில் கொண்டுபோயிருந்தார். அதைத்தான் பெரியவரின் கையில் கட்டினார். மண்ணுக்குள்ளே யார் காதில் வைத்துக் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பெட்டியில் இரண்டு வாட்ச் குப்புறக் கிடந்த அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மகள் ஃபரீனுக்குக் காய்ச்சல் கொதித்தது. மெஹ்ராஜ் குடையோடு மருந்துக்கடைக்குப் போன கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது. காஜா மைதீன் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மழைத்தண்ணீர் ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தத்துக்கு நடுவே, உள்ளறையில் பெட்டி மூடி திறக்கிற சத்தமும், நனைந்த மண்ணின் பச்சை வாடையும், ஏதோ ஒன்றை எடுத்து, நிதானித்து, திரும்ப வைக்கிற சின்ன ஓசையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.

பெரியவர் காதில் வைத்துத்தான் தேடுகிறார்.

நிஜ வாட்ச் காஜா மைதீனின் சட்டைப்பைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். மனசு வரவில்லை. அதன் சாவி கொடுக்கிற திருகை நகத்தால் வெளியே இழுத்தார். அந்த ரகத்தில் அப்படி இழுத்தால் இயந்திரம் அங்கேயே நின்றுவிடும். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியையும் பிடுங்கினார். பெட்டியில் இருந்ததெல்லாம் பெரியவர் தொட்டு நின்றுபோயிருக்கும். இனி இந்த வீட்டில் ஓடுகிற சத்தம் எதுவும் இல்லை.

உள்ளே ஓசை நின்றது. காலடி கேட்டது. ஈரக் காலடி. அவரிடம் வரவில்லை. ஃபரீன் படுத்திருந்த அறைக்குப் போனது.

"அத்தா" என்றாள் குழந்தை தூக்கக் கலக்கத்தில். "யாரோ கையப் புடிச்சிக்கினு இருக்காங்க. ஜில்லுன்னு இருக்குது."

காய்ச்சல். நாடி. வேகவேகமாக அடிக்கிற நாடி.

அவர் ஓடினார். திருகை உள்ளே அழுத்தினார். வாட்ச் ஓடியது. வெறும் இருட்டுக்கு முன்னால் அதை இரு கையாலும் நீட்டினார்.

"பெரியவரே, இந்தாங்க. உங்களதுதான். எம்புள்ளய வுட்ருங்க."

யாரும் வாங்கவில்லை.

கட்டிலில் ஃபரீன் மறுபடி தூங்கிப்போயிருந்தாள். அவளுடைய வலது கை மட்டும் மேலே நீண்டிருந்தது. மணிக்கட்டைச் சுற்றி செம்மண் விரல்தடம். குனிந்து நிற்கும் ஒரு ஆள் தலையைச் சாய்த்துக் கேட்கிற உயரத்தில், பிடிப்பார் யாரும் இல்லாமல், அந்தச் சின்னக் கை அசையாமல் நின்றது.