நாற்காலி வைத்த இடம்

அந்தத் தெருவில் வீடு கிடைப்பது சுலபம். வண்டிக்கு இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. வீடு காட்டிய தரகர் இதை மட்டும் நாசூக்காக விழுங்கிவிட்டார். தரைத்தளம், ஏற ஒரு படிகூட இல்லை, டயாலிசிஸ் செய்கிற ஆஸ்பத்திரி பக்கத்திலேயே என்று அவர் அடுக்கியதெல்லாம் உண்மைதான். குடிவந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அவன் மனைவியால் நாலு வீடு தாண்டி நடக்க முடியாது.

சாமான்களை இறக்கிப் போட்டுவிட்டுக் காரை நிறுத்த இடம் தேடித் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தான். வண்டி இல்லாத இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு சாமான் உட்கார்ந்திருந்தது. ஓட்டை வாளி, பெயிண்ட் டப்பா, தேய்ந்த டயர், ஒரு வீட்டின் முன்னால் குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி. காரை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் திரும்பி வரும்வரை இடம் பிடிக்க வைத்துவிட்டுப் போவது. வாய்ச்சண்டைக்கும் கைகலப்புக்கும் அஞ்சாத தெரு அது, ஆனால் அடுத்தவன் வாளியை நகர்த்தியவன் மட்டும் அங்கே கிடையாது. ரயில் நிலையத்தை ஒட்டிய கட்டண நிறுத்தத்தில் போய் விசாரித்தான். அவர்கள் கேட்ட மாத வாடகையில் காருக்கு ஒரு தனி வீடே பிடித்துவிடலாம்.

"ஊர்ல இருக்கிற எல்லாரையும் லிஃப்ட்ல மேல ஏத்துறீங்க. ஒரு காரைக் கீழ நிறுத்தத் தெரியலையே" என்று முன் சீட்டில் சாய்ந்தபடியே மனைவி சிரித்தாள். அவள் சிரிப்பதே அபூர்வமாகிவிட்ட நாட்கள் என்பதால் அவனும் கூடச் சிரித்தான்.

அப்போதுதான் அந்த இடம் கண்ணில் பட்டது. அவர்கள் வீட்டு கேட்டை ஒட்டி, பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டின் முன்னால். வாளி இல்லை, டப்பா இல்லை. தெரு முழுக்க உதிர்ந்து கிடந்த சருகு அங்கே மட்டும் விழவில்லை. காரை நிறுத்திக் கதவைத் திறந்தபோது ஒரு வாடை வந்தது. நனைந்ததைக் காயப்போடாமல் மூலையில் சாத்திவைத்த பழைய குடையின் வாடை.

மாடியில் குடியிருந்த தையல்காரக்கா கைப்பிடிச் சுவர்மேல் கவிழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யார் இடம்க்கா?"

"யாரோடதும் இல்ல தம்பி. தாராளமா விடுங்க, ஒண்ணும் ஆகாது." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா வண்டியை எடுத்துட்டுப் போறப்ப எதையும் வச்சிட்டுப் போகாதீங்க. அங்க ஏற்கெனவே ஒருத்தர் இடம் பிடிச்சு நிக்கிறாரு."

"யாரு?"

அவள் கையிலிருந்த கத்தரிக்கோலால் பூட்டிய வீட்டைக் காட்டினாள். "அந்த வீட்டுப் பெரியவரு. ஆஸ்பத்திரியிலேர்ந்து சம்சாரத்தைக் கூட்டிட்டு வர்ற அன்னிக்கு, வண்டி வாசல்லயே நிக்கணும்னு குடையைப் பிடிச்சுக்கிட்டு இங்க நின்னாரு. கொட்டுற மழை. பின்னால எடுத்த லாரிக்காரன் பாக்கல."

"அந்தம்மா?"

"அவங்களும் வீடு வந்து சேரல. அவரு இன்னும் நிக்கிறாரு. நாம ஒரு பொருளை வச்சோம்னா, மாத்த ஆள் வந்தாச்சுன்னு அவரு கிளம்பிடுவாரு. அப்புறம் அந்தப் பொருளுக்குச் சொந்தக்காரங்கதான் நிக்கணும்."

மெக்கானிக் மரியாதைக்குத் தலையாட்டினான். இருட்டுக் குழிக்குள் இறங்கி, தலைக்கு மேலே கம்பியில் தொங்கும் கூண்டை நம்பி வேலை பார்க்கிறவன் அவன். இதற்கெல்லாம் பயந்தால் பிழைப்பு நடக்குமா?

சில வாரங்கள் நல்லபடியாகவே போயின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதெல்லாம் அந்த இடம் காலியாகவே இருந்தது. கேட்டுக்கு நேராகக் காரை நிறுத்தி, அவளை அப்படியே இரண்டு கையிலும் ஏந்தி உள்ளே கொண்டுபோவான். "லிஃப்ட் வந்துடுச்சு" என்பாள் அவள். டயாலிசிஸ் முடிந்த நாளில் அவளுக்கு மிச்சமிருக்கும் தெம்பு அந்த ஒரு கிண்டலுக்குத்தான் சரியாக இருக்கும்.

ஒருநாள் திரும்பி வந்தபோது அங்கே பார்சல் கொண்டுவரும் பச்சை வேன் ஒன்று நின்றது. ஓட்டுநரைக் காணோம். ஹாரன் அடித்துப் பார்த்தான், சத்தம் போட்டுப் பார்த்தான். பின்னால் வண்டிகள் சேர்ந்து கத்த ஆரம்பித்தன. தெருக்கோடியில் அவளை இறக்கி ஒரு சுவரைப் பிடித்து நிற்கச் சொல்லிவிட்டு, காரை எங்கோ ஒரு சந்தில் திணித்துவிட்டு ஓடி வந்தான். அதற்குள் அவள் தானே நடந்து பார்த்திருக்கிறாள். சாக்கடை ஓரமாக முழங்கால் கிழிந்து உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் அழவில்லை. "என்னால உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்" என்றாள். அழுதிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

மறுமுறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப அவளை ஏற்றிக் காரை வெளியே எடுத்ததும் கோபத்தோடு வீட்டுக்குள் போனான். கையில் அகப்பட்டது குளியலறையில் அவள் உட்கார்ந்து குளிக்கிற பிளாஸ்டிக் நாற்காலி. அதைக் கொண்டுவந்து இடத்தின் நட்டநடுவில் வைத்தான்.

மாடியில் தையல் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வார்டில் எப்போதும்போல மெஷின் முனகிக்கொண்டிருந்தது. குழாய் வழியே அவள் ரத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில்.

"என்னங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "காலைக் கொஞ்சம் தூக்கி வைங்க. தண்ணி ஓடுது."

போர்வையை விலக்கினான். படுக்கை காய்ந்துதான் இருந்தது. அவள் பாதம் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. உள்ளங்காலில் தெருச்சேறு அப்பியிருந்தது. விரலிடுக்கில் ஒரு சருகு.

அவளைக் காரிலிருந்து கட்டில்வரை தூக்கி வந்தவன் அவன்தான். அவள் கால் தரையில் படவே இல்லை.

"பச்சை வேன் திரும்ப வந்துச்சு" என்று முணுமுணுத்தாள். "ஆள் இருக்குன்னு சொன்னேன். போயிட்டான்."

"எங்கம்மா இருக்க நீ?"

"வாசல்லதான். அந்தப் பெரியவர் குடையை மடக்கிட்டுக் கிளம்பிட்டாருங்க. இனிமே நீ பாத்துக்கம்மான்னாரு."

வராந்தாவுக்கு வந்து தையல்காரக்காவுக்குப் போன் போட்டான்.

"அங்க மழையாக்கா?"

"கொட்டித் தீர்த்துட்டு இப்பதான் விட்டுது தம்பி."

"அந்த நாற்காலியைக் கொஞ்சம் எடுத்து உள்ள..."

"என்னால முடியாது தம்பி. அதுல உங்க வீட்டம்மா உட்கார்ந்திருக்காங்க."

காரை எடுத்தால் சிக்னலில் நிற்க வேண்டும். ஓடினான். வழியில் யாரையெல்லாம் இடித்தான் என்பது அவனுக்கே தெரியாது. தெருவுக்குள் நுழைந்தபோது மழைநீர் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி வைத்த இடத்திலேயே இருந்தது, காலியாக.

காலியாகத்தான் தெரிந்தது.

இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கினான்.

கனத்தது.

அந்தக் கனம் அவன் கைகளுக்குத் தெரியும். தினமும் தூக்குகிற கனம். அவளைத் தூக்கும்போது இடது பக்கம் லேசாகச் சரிவாள். நாற்காலியும் இடது பக்கம் சரிந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு அதை கேட்டை நோக்கி இழுத்தான். கால்கள் சிமெண்டில் கிறீச்சிட்டன. நாற்காலி ஒருக்களித்துச் சாய்ந்த அதே நொடியில் சட்டைப்பையில் போன் அலறியது.

"சார், எங்க இருக்கீங்க?" நர்ஸ் மூச்சுவாங்கினாள். "யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி கட்டில்லேர்ந்து கீழ விழுந்துட்டாங்க. ஊசி பிடுங்கிக்கிச்சு. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது, சீக்கிரம் வாங்க."

நாற்காலியைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான். அதன் முன்னால் ஈரத் தரையில் மண்டியிட்டான். இடுப்பில் மாட்டியிருந்த ஸ்பேனர் பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான்.

"நான் நிக்கிறேன். நானே நிக்கிறேன். அவளை விட்டுடுங்க" என்று கெஞ்சினான்.

யாரிடம் கெஞ்சுவது? இத்தனை காலம் அங்கே நின்றவர் போய்விட்டார். பேரம் பேசக்கூட அங்கே யாரும் இல்லை, அவளைத் தவிர. அவளோ தன் இடத்தை அவனுக்கு விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை. அவன் நனைவதை ஒருநாளும் பொறுக்காதவள்.

அவன் வார்டுக்குத் திரும்பியபோது மெஷினை நிறுத்தியிருந்தார்கள். டாக்டர் ஏதேதோ விளக்கினார். ரத்தம், அழுத்தம், இதயம் என்று காதில் விழுந்தது. இழுத்தது தன் கைதான் என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

பொழுது சாயும் நேரத்தில் ஆம்புலன்ஸில் அவளை ஏற்றினார்கள். அவன் பின்னால் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தான். அலுவலகம் விட்டு எல்லோரும் வீடு திரும்புகிற நேரம், தெருவில் ஒரு சைக்கிள் நிறுத்தவும் இடம் இருக்காது. ஆனால் வண்டி ஓரிடத்தில் நின்று, நிதானமாகப் பின்னால் வந்து, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஓய்ந்தது. கதவைத் திறந்தால் நேர் எதிரே வீட்டு கேட்.

"நல்ல வேளை சார்" என்றான் ஓட்டுநர், ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டே. "எங்க நிறுத்துறதுன்னு தவிச்சிட்டேன். அந்தம்மாதான் எழுந்து நாற்காலியை ஓரமா எடுத்து வச்சாங்க. ரிவர்ஸ் எடுக்கக் கையும் காட்டினாங்க."

"எந்த அம்மா?"

"ஊதா ஸ்வெட்டர் போட்டவங்க. உங்க வீட்டு ஆளுங்கதானே? பாவம், செருப்புகூட இல்லாம ஈரத்துல நிக்கிறாங்க. உள்ள கூப்பிடுங்க சார்."

மெக்கானிக் குனிந்து ஸ்ட்ரெச்சரைப் பார்த்தான். வெள்ளைத் துணிக்கு அடியில் இருந்த ஊதா ஸ்வெட்டருக்கு அன்று காலையில் அவன்தான் பொத்தான் போட்டுவிட்டிருந்தான்.

ஆம்புலன்ஸ் போய்விட்டது. அவளைக் கூடத்தில் கிடத்தியாயிற்று. தையல்காரக்கா வந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவன் மட்டும் வெளியே வந்து கேட்டருகில் நின்றான். நாற்காலி மறுபடியும் நட்டநடுவில் இருந்தது, வண்டிகள் வரும் திசையைப் பார்த்தபடி.

"வந்தாச்சும்மா" என்றான் மெதுவாக. "வீட்டுக்கே கொண்டு வந்துட்டேன். இனி யாரும் வர வேண்டியதில்ல. உள்ள வா."

நாற்காலி அசையவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அவன் கார் இன்னும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது. அவள் இடம் பிடித்திருப்பது தனக்காக அல்ல. அவனுக்காக. போய் எடுத்துவந்தால் சந்தோஷமாக எழுந்து வழிவிடுவாள். அடுத்தநாள் அவன் வேலைக்குக் கிளம்பியதும் வந்து உட்காருவாள். காரையே விற்றுத் தொலைத்தாலோ, வராத காருக்காக வெயிலிலும் மழையிலும் காத்துக்கொண்டே இருப்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சந்துதான். அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

தெருமுனையில் ஒரு கார் திரும்பியது. அந்தத் தெருவுக்குப் புதிது போலிருக்கிறது. இடம் தேடி ஊர்ந்து வந்து, நாற்காலிக்கு முன்னால் வேகம் குறைத்து, உள்ளே நுழைய விளக்கைச் சிமிட்டியது.

பிறகு சிமிட்டல் நின்றது. ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கி, நாற்காலியைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோல் கையை உயர்த்திக் காட்டிவிட்டு நகர்ந்து போனார்.