எக்ஸ்போசிட்டோவைத் தேடி!

"வீல்...!"

அந்த அலறலில் மெல்பர்னின் புறநகரான வெரிபீயின் புதுத் தெருவே கதவைத் திறந்தது!

வாசலில் ரினோசா நின்றாள். அடுப்பை அணைக்க உள்ளே போனது இரண்டே நிமிஷம். திரும்பி வந்தால்...

தள்ளுவண்டியைக் காணோம். அதில் தூங்கிய ஐந்து மாத மகள் ஃபர்ஹாவையும் காணோம்!

நாற்பது நிமிஷத்தில் வண்டி மட்டும் கிடைத்தது. மூன்று தெரு தள்ளி, பூட்டிய சர்ச் வாசலில்... காலியாக! பக்கத்தில் ஒரு மருந்துப் பை.

டிடெக்டிவ் ஜெகதீஷ், மலேசியத் தமிழர், பையிலிருந்த லேபிளைப் படித்தார்.

"எம். எஸ்போசிட்டோ... இத்தாலிக்காரப் பேரு. மெல்பர்ன்ல தடுக்கி விழுந்தா ஒரு எஸ்போசிட்டோ மேலதான் விழணும். எத்தனை கதவைத் தட்டுறது?"

"எதையாவது செய்யுங்க சேர்!" தகவல் கேட்டு ஓடி வந்திருந்த முனவ்வர் கத்தினான். ரினோசாவைப் பிரிந்து வாழும் கணவன்; அவளைப் போலவே இலங்கையிலிருந்து வந்தவன். "இவளுக்குப் புள்ள பாக்கவே தெரியாது!"

ரினோசா அதைக் காதில் வாங்கவில்லை. லேபிளைப் பிடுங்கினாள்.

"சேர்... இது எஸ் இல்ல. எக்ஸ்!"

"ஒரு எழுத்துதானேம்மா?"

"இல்ல சேர்! நான் ஆஸ்பத்திரியில நாள் முழுக்க பேர் பதியிறவள். எஸ் போட்டா இத்தாலி. எக்ஸ் போட்டா ஸ்பெயின். இங்க அது அபூர்வம். ஒரு ஸ்பானிஷ் பேஷண்ட் அர்த்தமும் சொன்னவர்..."

அவள் காலி வண்டியைப் பார்த்தாள்.

"என்ன அர்த்தம்?"

"வெளியில விடப்பட்டதுன்டு! அந்தக் காலத்தில சர்ச் வாசல்ல போட்டுட்டுப் போன அநாதைப் புள்ளைகளுக்கு வச்ச பேர் சேர்!"

ஜெகதீஷ் சர்ச் கதவைப் பார்த்தார்.

உடனே கன்ட்ரோல் ரூமுக்குப் போன். ஒரே நிமிஷத்தில் பதில். ஜெகதீஷ் போனை வைத்தார்.

"எக்ஸ் போட்டா இந்தப் பக்கத்துல ஒரே ஒருத்திதான். மரியா எக்ஸ்போசிட்டோ. அடுத்த தெரு! ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க!"

கார் சீறியது. பின் சீட்டில் ரினோசா துஆ ஓதிக்கொண்டே அழுதாள். முனவ்வர் ஜன்னலையே பார்த்தான்.

கதவைத் திறந்த மரியாவுக்கு ஐம்பது வயசு. தோளில்... ஃபர்ஹா!

"என்ட புள்ள!" ரினோசா பாய்ந்து வாங்கிக்கொண்டாள். குழந்தை கொட்டாவி விட்டது!

"எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?" ஜெகதீஷ் ஆங்கிலத்தில் உறுமினார்.

மரியா ஓரடி பின்வாங்கினாள்.

"நான் கடத்தல! யாரோ சர்ச் வாசல்ல விட்டுட்டு ஓடினாங்க. என் தாத்தாவோட அப்பாவையும் இப்படித்தான் விட்டுட்டுப் போனாங்க. அதான் எங்க பேரு. குழந்தையைத் தூக்குன அவசரத்துல என் மருந்துப் பையைக்கூட அங்கேயே விட்டுட்டேன். போலீசுக்குப் போன் பண்ணணும்னு தெரியும்... அரை மணி நேரமா குழந்தையைக் கொடுக்க மனசு வரல சார்!"

"விட்டுட்டு ஓடினது யாரு? ஆளைப் பார்த்தீங்களா?"

மரியாவின் பார்வை ஜெகதீஷின் தோளைத் தாண்டியது. கண்கள் விரிந்தன.

"இதோ... உங்க பின்னால நிக்கிறாரே!"

முனவ்வர் வெளுத்தான்!

"நீங்களா...?" ரினோசா அவன் பக்கம் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமை கோர்ட்டுல கேஸ்..." அவன் உளறினான். "உனக்குப் புள்ள பாக்கத் தெரியாதுன்டு காட்டினா எனக்கிட்ட தருவாங்கன்டு... யாராவது உடனே எடுப்பாங்கன்டுதான்..."

"எடுக்காம விட்டிருந்தா?"



ஜெகதீஷ் கைவிலங்கை எடுத்தார்.

"எக்ஸ்போசிட்டோவைத் தேடத்தான் பாடுபட்டோம் முனவ்வர்... நல்லவேளை, நீங்க என் வண்டியிலயே வந்துட்டீங்க!"